கடலாமையும் மாணவரும்



மதுக்கரையில் வாழும் ஒருவன் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். எங்கள் ஊரில் நின்று பார்த்தால் மேற்கே மலை தெரியும். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம் தெரியும். பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை தெரியும். கடலைக் காண வேண்டுமானால் பல மணி நேரம் பயணம் செய்தாக வேண்டும். ஆயினும், எங்கள் சுண்ணாம்புக்கல்லே பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலின் அடியில் படிந்ததுதான் என்று நிலநூல் அறிஞர் கூறுகின்றனர். எங்கள் வட்டாரத்தில் பெய்யும் மழையில் ஒரு பகுதி நொய்யல் வழியாகக் காவிரியை அடைந்து வங்கக் கடலுக்குச் செல்கிறது. மற்றொரு பகுதி வாளையாற்றில் இறங்கி, பாரதப்புழை வழியாக அரபிக்கடலுக்குச் செல்கிறது. ஆகவே கடலைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு என்றே எண்ணுகிறேன்.

உரிமை ஒருபுறம் இருக்கட்டும். நான் இன்று பேச வந்ததற்கு உண்மையான காரணம், என் வாழ்நாளில் நான் செய்த இரண்டு பிழைகள். முதற்பிழையை ஆசிரியன் என்ற முறையில் செய்தேன். இரண்டாவது பிழையைச் செய்தபோது நான் மாணவனாக இருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. இரண்டும் ஒரு கடலாமையைப் பற்றியவை.

முதற்பிழையைச் சொல்கிறேன். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் பொறியியல் கல்வி பெறச் சென்னைக்குச் சென்றான். எளிய குடும்பத்துப் பிள்ளை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். முதலாண்டின் இறுதியில் அவன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு கடற்கரையில் ஏழு கிலோமீட்டர் நடப்பதாகவும், கரையேறும் ஆமைகளின் முட்டைகளைக் காப்பதாகவும், அதில் தனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாவதாகவும் அதில் எழுதியிருந்தான். நான் உடனே விடை எழுதினேன். "தம்பி, உன் தந்தை உன்னைப் படிக்க அனுப்பினாரா, ஆமை பார்க்க அனுப்பினாரா?" என்று கேட்டேன். பட்டம் பெற்ற பிறகு ஆமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அறிவுரை கூறினேன். அவன் பணிவாக ஒரு வரி எழுதி அனுப்பினான். அதன்பின் கடிதங்களில் ஆமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் அறிவுரை பயன் தந்தது என்று நான் மகிழ்ந்தேன். உண்மையில் அவன் நடப்பதை நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருந்தான். ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன உண்டு?

அவன் எதைக் காக்கச் சென்றான் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

உலகில் கடலாமைகள் ஏழு வகை. அவற்றுள் ஐந்து வகை இந்தியக் கடல்களில் காணப்படுகின்றன. நம் சோழமண்டலக் கரையில் மிகுதியாக முட்டையிட வருவது ஆலிவ் ரிட்லி என்னும் வகை. இதைப் பங்குனி ஆமை என்று தமிழில் வழங்குகின்றனர். கடலாமைகளுள் மிகச் சிறியவற்றுள் இது ஒன்று. ஏறத்தாழ இரண்டடி நீளமும் 40 கிலோ எடையும் இருக்கும். வாழ்நாள் முழுவதும் கடலிலேயே வாழும் இவ்வுயிர் முட்டையிடுவதற்கு மட்டும் நிலத்துக்கு வந்தே தீர வேண்டும். பெண் ஆமை மட்டுமே வரும். ஆண் ஆமையோ, குஞ்சாக இருந்தபோது மணலைவிட்டு நீரில் இறங்கியது இறங்கியதுதான்.

தை மாதத்திலிருந்து பங்குனி வரையில், இரவு நேரத்தில் பெண் ஆமை கரையேறுகிறது. அலை எட்டாத மேட்டைத் தேடிச் செல்கிறது. பின்கால்களை அகப்பை போலப் பயன்படுத்தி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை வடிவில் குழி தோண்டுகிறது. நூறு முட்டைகளுக்கு மேல் இடுகிறது. மணலால் மூடுகிறது. பிறகு தன் உடலை இப்புறமும் அப்புறமும் அசைத்து, மார்பால் மணலைத் தட்டித் தட்டிச் சமப்படுத்துகிறது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கடலுக்குத் திரும்பிவிடுகிறது. தன் பிள்ளைகளை அது ஒருநாளும் பார்ப்பதில்லை.

வளர்ப்பது மணலும் வெயிலும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. மணல் சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். உலகம் சூடேறுவது ஆமைக்கு ஏன் பேராபத்து என்பது இதிலிருந்து உங்களுக்கு விளங்கும். பிறப்பன எல்லாம் பெண்ணாகிவிட்டால் அடுத்த தலைமுறை ஏது?

வெளிவந்த குஞ்சுக்கு ஒரே ஓர் அறிவு உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் கடல். மனிதன் தோன்றுவதற்கு முன்பே அமைந்த அறிவு அது. அக்காலத்தில் கரைப்பக்கம் இருண்டிருக்கும்; விண்மீன் ஒளி பட்ட கடல் சற்றே வெளுத்திருக்கும். இன்று சென்னைக் கரையில் வெளிச்சம் எந்தப் பக்கம்? தெருவிளக்கும் விடுதி விளக்கும் இருக்கும் நிலத்தின் பக்கம். குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையை நோக்கி நடக்கின்றன. நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன. அவற்றின் அறிவில் குறை இல்லை. நாம் விளக்கை இடம் மாற்றி வைத்துவிட்டோம்.

இக்கரையில் இரவு நடை தொடங்கிய வரலாறு மாணவர்களாகிய நீங்கள் கேட்கத் தக்கது. 1974-ஆம் ஆண்டில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேகர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் இரவில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைத் திரட்டி, ஒரு பொரிப்பகம் அமைத்தனர். சதீஷ் பாஸ்கர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்தவர். படிப்பை முடிக்காமல் கடலாமையைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தூரத்தைக் கால்நடையாகவே அளந்தார். 1982-ஆம் ஆண்டில், இலட்சத்தீவைச் சேர்ந்த ஆளில்லாத சுஹேலித் தீவில், மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து தம் மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதை அஞ்சலில் சேர்த்தார். கடிதம் உரியவரை அடைந்தது. 2023-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இந்தியாவின் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதிக்கு அவர் குறிப்பேடுகளே அடிப்படை. படிப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டம் இல்லாமலும் ஒருவர் ஒரு நாட்டுக்கே ஆசிரியராக முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1982 முதல் சில ஆண்டுகள் வனத்துறை அப்பணியை நடத்தியது. அது நின்றபோது, 1988-ஆம் ஆண்டில், கல்லூரி மாணவர் சிலர் அதனைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று அதற்குப் பெயர். அன்று நடந்த மாணவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கும். ஆயினும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் பருவந்தோறும் அந்நடை தொடர்கிறது. என் மாணவன் சேர்ந்தது அந்த நடையில்தான்.

இனி என் இரண்டாவது பிழை. 2023-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு திருமணத்துக்காகச் சென்னைக்குச் சென்றிருந்தேன். அவன் என்னைக் காண வந்தான். இப்போது அவன் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. பேச்சின் இடையே சற்றுத் தயங்கி, "ஐயா, இன்று சனிக்கிழமை. உங்களுக்குக் களைப்பில்லை என்றால் இரவு கடற்கரைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டான். பழைய கடிதம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "வருகிறேன்" என்றேன்.

இரவு பதினொரு மணிக்குப் பின் நீலாங்கரையில் கூடினோம். இருபது பேர் இருக்கும். பாதிப்பேர் கல்லூரி மாணவ மாணவியர். குழுவை நடத்திச் சென்ற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். "விளக்கு ஏற்றக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, ஆமை தென்பட்டால் நான் சொல்லும் வரையில் அருகே போகக் கூடாது" என்று மூன்று கட்டளைகளைத் தெளிவாகச் சொன்னாள். நல்ல ஆசிரியை ஆவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றும் இல்லை. பிறகு அலையோரத்தில் கரிய உருவம் ஒன்று கிடந்தது. இறந்த ஆமை. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கி இருந்தன. அப்பெண் முகம் சுளிக்காமல் குனிந்து ஓட்டின் நீளத்தை அளந்தாள். இடத்தையும் நேரத்தையும் குறித்தாள். மறுநாள் வருபவர் அதே உடலை மீண்டும் எண்ணிவிடாதபடி ஓட்டின்மேல் சாயத்தால் ஓர் அடையாளம் இட்டாள். உயிருள்ள ஆமையைக் காண வந்த எங்களுக்கு அது ஏமாற்றம். அவளுக்கோ அதுவும் பணியில் ஒரு பகுதி.

மேலும் நடந்தோம். என் மாணவன் திடீரென்று நின்று கையை உயர்த்தினான். ஐம்பது அடி தொலைவில், அலை விட்டுச் சென்ற ஈர மணலில், ஓர் ஆமை மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. இரண்டு அடி ஏறும், நின்று மூச்சு விடும், மீண்டும் ஏறும். 60 ஆண்டுகள் உலகில் வாழ்ந்தும் இதைப் பாராமல் இருந்தேனே என்று எனக்குத் தோன்றியது. வீட்டிலுள்ளோருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், நான் செய்வது இன்னதென்று எண்ணிப் பாராமல், கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். அதன் விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

ஆமை நின்றது. சிறிது நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வந்த வழியே திரும்பிக் கடலுக்குள் சென்றுவிட்டது.

யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. என் மாணவன் கணக்கேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினான். எட்டிப் பார்த்தேன். நேரம், இடம், "ஆமை ஒன்று கரையேறியது, முட்டையிடாமல் திரும்பியது" என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் "கைப்பேசி விளக்கு" என்று எழுதினான். "தம்பி, அதை எழுதத்தான் வேண்டுமா?" என்று மெல்லிய குரலில் கேட்டேன். அவன் தலை நிமிராமல், "ஐயா, செய்முறைத் தேர்வில் விடை தவறாக வந்தாலும் வந்த எண்ணைத்தான் எழுத வேண்டும் என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்" என்றான்.

35 ஆண்டுகள் நான் வகுப்பில் சொன்ன சொற்களுள் ஒன்று, நான் சொன்னதையே நான் மறந்த இரவில், மாணவன் வாயிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. நான் வேறொன்றும் பேசவில்லை.

அன்று விடியற்காலை மூன்று மணி அளவில் வேறோர் ஆமையின் தடத்தைக் கண்டோம். டிராக்டர் சக்கரம் மணலில் ஓடியது போன்ற தடம் அது. ஆமை போய்விட்டிருந்தது. முட்டைக்குழியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்தார்கள். முட்டையைப் புரட்டக் கூடாது. இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றிவிட வேண்டும். காலம் தாழ்த்தினால் உள்ளிருக்கும் கரு சிதைந்துவிடும். எண்ணிச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். "ஐயா எழுதட்டும்" என்றான் என் மாணவன். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கையால் 118 என்று எழுதினேன். பொரிப்பகத்தில், தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி எடுத்து அவற்றை வைத்தார்கள்.

மாணவர்களே, அந்தக் கணக்கேட்டைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும். ஆமைக் குஞ்சைக் கடலில் விடும் காட்சி அழகானது. செய்தித்தாளில் படமாக வருவது. ஆனால் காட்சியால் மட்டும் ஓர் இனம் பிழைத்துவிடாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடலில் இறங்கும் குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். அவ்வாறு வளர்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழகக் கரை முழுவதிலும் வனத்துறையும் தொண்டர்களும் சேர்ந்து 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளைக் கடலில் விட்டனர். பாராட்டத்தக்க உழைப்பு. அவற்றுள் வளர்ந்து வருபவை எத்தனை? ஏறத்தாழ 200. இனி இழப்பைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ந்த ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஐந்து ஆண்டுப் பொரிப்பக உழைப்பு ஒரே மாதத்தில் அழிந்ததற்கு இது சமம். ஒதுங்கியவை மட்டுமே இந்தக் கணக்கில் சேர்ந்தவை. ஆழ்கடலில் அமிழ்ந்தவற்றை யார் எண்ணினார்?

அவை எப்படி இறந்தன? ஆமை நீரில் வாழ்ந்தாலும் நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடும் உயிர். விசைப்படகுகள் அடிக்கடலில் மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும் இழுவலையில் அகப்பட்டுக்கொண்டால், மேலே வந்து மூச்சு விட வழியின்றி மூழ்கி இறக்கும். பிதுங்கிய கண்ணும் வீங்கிய கழுத்தும் அதற்கு அறிகுறிகள். முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் கரையை ஒட்டித் திரிகின்றன. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு இழுவலை இழுத்தல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலையில் அகப்பட்ட ஆமை தப்பிச் செல்ல ஒரு கதவு போன்ற கருவியும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டு வலைகளுக்கு ஏற்ப அதை வடிவமைத்துள்ளது. இக்கருவியைப் பயன்படுத்தாத காரணத்தால் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்க நாடு 2019-ஆம் ஆண்டில் நிறுத்தியது. ஆமையைக் காப்பது மீனவர் பிழைப்புக்கும் ஆகும் என்பதை இது காட்டுகிறது.

மீனவரைப் பழிப்பது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். நாட்டுப்படகு மீனவர் பலர் வலையில் சிக்கிய ஆமையை அவிழ்த்துக் கடலில் விடுகின்றனர். 2002-ஆம் ஆண்டில் சுப்ரஜா தாரிணி என்னும் அம்மையார் தொடங்கிய அமைப்பில் மீனவ இளைஞர்களே கடலாமைக் காவலராக நடந்து வருகின்றனர். விசைப்படகில் செல்பவரும் கடனுக்கும் எண்ணெய் விலைக்கும் அஞ்சி வாழ்பவரே. குறை ஒருவரிடம் மட்டும் இல்லை; எண்ணிச் சொல்ல ஆளில்லாதபோது யாருக்கும் அது குறையாகத் தெரிவதில்லை.

2025 ஜனவரியில் எண்ணிச் சொல்ல ஆளிருந்தது. இரவுதோறும் நடந்தவர்கள், உடல்தோறும் அடையாளமிட்டு, இடத்தையும் நாளையும் எழுதி வைத்திருந்தார்கள். கணக்கு இருந்ததால் செய்தி ஆயிற்று. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. கடலில் கண்காணிப்பு மிகுந்தது. "சில ஆமைகள் இறந்தன போலும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் எந்த நீதிமன்றம் செவி சாய்த்திருக்கும்? அவ்வேட்டில் ஒரே ஓர் எண் பொய்யாக இருந்திருந்தால் மற்ற எண்களை யார் நம்புவார்? கைப்பேசி விளக்கு என்று என் மாணவன் எழுதியதன் பெருமை, ஈராண்டு கழித்து அச்செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

இந்த உண்மை எங்கள் ஊருக்குப் புதிதன்று. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே, இருப்புப்பாதையைக் கடந்த மூன்று யானைகள் இரயில் மோதி இறந்தன. யானையின் பழைய வழியை நம் புதிய வழி குறுக்கிடுகிறது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் 24 கேமராக்கள் அமைத்து, யானை பாதையை நெருங்கும்போதே எச்சரிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. யானை எங்கே, எப்போது கடக்கிறது என்ற கணக்கு இல்லாமல் ஒரு கோபுரத்தை எங்கே நாட்டுவது? யானைக்குக் கேமராவாவது வந்தது. கடலாமைக்கு இன்றும் பெரும்பாலும் உங்களைப் போன்றோரின் கால்களே துணை.

இனி நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். சென்னையில் படிப்பவர்களும், படிக்கச் செல்லவிருப்பவர்களும் ஜனவரி முதல் மார்ச்சு வரையில் வார இறுதி இரவுகளில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் நடையில் கலந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. வயதில் சிறியவர்கள் பெற்றோரோடு செல்ல வேண்டும். இரவெல்லாம் மணலில் நடக்கும் வலிமையும், ஒன்றும் காணாமல் திரும்பினாலும் வருந்தாத மனமும் வேண்டும். இருண்ட நிறத்து ஆடை அணிந்து செல்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் அணைத்து வையுங்கள். இதை யான் பெற்ற பாடத்தால் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இவ்வாமை இடம் பெற்றிருக்கிறது. ஆகவே அனுமதி பெற்ற குழுவினர் அன்றி எவரும் முட்டையையோ ஆமையையோ தொடுதல் கூடாது. தனியே கடற்கரைக்குச் சென்றபோது ஆமையையோ குஞ்சுகளையோ கண்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். ஒரு முறை சென்று படம் எடுத்து வருவது சுற்றுலா. பத்து முறை சென்று கணக்கு எழுதுவதே தொண்டு.

கொங்கு நாட்டிலேயே இருப்பவர்கள், கடல் தொலைவாயிற்றே என்று சும்மா இருந்துவிட வேண்டாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்து வருகிறது. உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினாலும் அதில் இடம் உண்டு. உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம், குறிச்சிக் குளம் எல்லாம் உங்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. பறவை நூலில் ஐயம் வந்தால் கேட்க, ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் அமைந்த ஆய்வு மையமே இருக்கிறது. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2024-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. பறவைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதி வந்த உள்ளூர் ஆர்வலர்களின் பங்கு அதில் உண்டு. குளக்கரையில் நிற்கும்போது நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளையும் எண்ணுங்கள். குளம் நிரம்பினால் அவை நொய்யலில் இறங்கும். நொய்யல் காவிரியிலும் காவிரி கடலிலும் சேரும். மிதக்கும் பையை உணவென்று கருதி விழுங்கும் கடலாமைகள் உண்டு. ஆமைக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைத்த அளவு பெரிதன்று.

முடிக்குமுன் ஒன்று. சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் என் மாணவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பழைய கடிதத்தில் நான் எழுதியது தவறு என்று எழுதினேன். அவன் விடையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 50 நாள் கழித்து ஒரு சிறு செய்தி மட்டும் அனுப்பினான். நான் எண்ணி எழுதிய குழியில் 118 முட்டைகளில் 97 குஞ்சுகள் பொரிந்து கடலுக்குச் சென்றன என்றும், 21 பொரியவில்லை என்றும் அதில் இருந்தது. பொரியாத 21-ஐயும் அவன் விடாமல் எழுதியிருந்தான்.

உங்கள் ஆசிரியர் உங்களிடம் ஆமை பார்க்கப் போக வேண்டாம் என்று சொன்னால், பணிவோடு அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கணக்கேட்டை அவர் கையில் கொடுங்கள்.